ஈரம் காயும் வரை

லியபாயாவில் ட்ராமுக்கு ஒரே தடம்.
போகும், திரும்பும்.
ஓட்டுபவள் வெல்டா.
நவம்பர்ப் புயல் ஓய்ந்த மறுநாள்
விடியும் முன்பே கடற்கரையில் நிற்பாள்,
முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ்,
கையில் மூடியுள்ள பிஸ்கட் டப்பா.

பால்டிக் அன்றைக்குத் தன் வீட்டைக் கூட்டித் தள்ளும்.
கரும்பாசி, கயிற்றுத் துண்டு, ஒற்றைச் செருப்பு,
நடுநடுவே பாகு உறைந்தாற்போல் அம்பர்.

அம்பர் மாதிரியே இன்னொன்றும் ஒதுங்கும்.
பழைய போரின் குண்டுகள் கடலடியில் கசியவிட்ட
பாஸ்பரஸ்.
அதே மஞ்சள். அதே வழவழப்பு.
ஈரம் உள்ளவரை கல்,
காய்ந்து கொஞ்சம் சூடேறினால்
தீ.

மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு என்று
நாம் பேச்சுக்குச் சொல்வோம்.
இமான்ட்ஸ் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தான்,
கல்யாணத்துக்கு முந்தின வருடம்,
அவளுக்குக் கொடுக்கத்தான்.
இடத்தொடையில் உள்ளங்கை அகலத்துக்குத்
தோல் இன்னும் சுருங்கிக் கிடக்கிறது.
மழைக்கு முன் அரிக்கும்.

அதனால் சட்டம்:
எது கிடைத்தாலும் ஒரு நாள் டப்பாவில்,
விறகடுப்பின் முன் இரும்புத் தகட்டில்.
பிறகுதான் சமையலறை மேசை.

ஒரு தம்ளர் தண்ணீரில் எட்டு ஸ்பூன் உப்பு.
மிதந்தால் அம்பர், மூழ்கினால் போ.
நானூறாம் நம்பர் தாளில் தொடங்கி
எண்ணூறு, ஆயிரத்து ஐந்நூறு,
தண்ணீர் தொட்டுத் தொட்டு.
கடைசியில் பற்பசையும் கிழிந்த ஜீன்ஸும்.
துளை போடும்போது அவசரப்பட்டால்
சூட்டில் பிசுபிசுத்து ஊசியைக் கவ்விக்கொள்ளும்,
இல்லாவிட்டால் விரியும்.
வீடெல்லாம் பைன் வாசனை.
மரத்தின் கண்ணீர் என்பார்கள் கடைக்காரர்கள்.
வெல்டாவுக்கு அது பிசின்.
நாலு கோடி வருடப் பிசினை
நகக்கண்ணிலிருந்து குண்டூசியால் எடுப்பவளுக்கு
அழுகையெல்லாம் தோன்றாது.

விற்பதில்லை. இந்த முறை மாலை தனக்கே.
முப்பத்தொரு மணி, லினன் நூல்,
மணிக்கு மணி ஒரு முடிச்சு.
நடுவில் கோக்க ஒன்றை மனதில் குறித்திருந்தாள்,
பேரீச்சங்கொட்டை அளவு,
அப்படியொரு மஞ்சள் இதுவரை பார்த்ததில்லை.

அது இரவு இரண்டு மணிக்கு எரிந்தது.

வெள்ளைப் புகை, பூண்டு நாற்றம்,
மூடி கிடுகிடுவென்று ஆடியது.
மூச்சை அடக்கி இடுக்கியால் தூக்கி
முற்றத்துப் பனியில் வீசி
மணலைக் கொட்டினார்கள் இருவரும், இரவு உடையில்.
இமான்ட்ஸ் ஒன்றும் சொல்லவில்லை.
தொடையைத் தடவிக்கொண்டான்.
"அழகாகத்தான் இருந்தது," என்றாள் அவள்.

மறுநாள் பதினோரு மணி வண்டியில்
டிக்கெட் பரிசோதகர் விஸ்வால்டிஸ் ஏறினார்.
ஒரு சென்டுக்கும் ஆளை இறக்கிவிடுபவர்.
கோட்டுப் பை நனைந்திருந்தது.
"கடற்கரையில் கிடைத்தது, பார்க்கிறாயா?"
என்று கையை உள்ளே விட்டார்.

இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவே ட்ராம் நின்றது.
விதிப்படி குற்றம்.
மதிய ரொட்டியை எடுத்து இருக்கையில் வைத்துவிட்டு
தகர டப்பாவை நீட்டினாள் வெல்டா.
"பையைக் காலி பண்ணுங்கள்."
இத்தனை வருடம் அவர் மற்றவர்களிடம் சொன்னது.
ஒரு கிழவர் பின்னால் சிரித்துவிட்டார்.

ஒரு நாள் காத்தது டப்பா.
எரியவில்லை.
உப்புத் தண்ணீரில் போட்டதும்
நேராக அடிக்குப் போனது.
பீர் பாட்டில் துண்டு.
கடல் மட்டும் நன்றாகத் தேய்த்திருந்தது,
நானூறு, எண்ணூறு எதுவும் தேவைப்படவில்லை.

அவரிடம் இன்னும் சொல்லவில்லை.
தினமும் ஏறியதும் கேட்கிறார்.
"காய்கிறது," என்கிறாள்.
மாலையின் நடுவில்
வெள்ளிக் கம்பி சுற்றி அதைத் தொங்கவிட்டிருக்கிறாள்,
சீருடைக் காலருக்கு உள்ளே.